சீவாளி நனைக்கும் நேரம்

மேடையேறிய சாக்சபோன் கலைஞர் முதலில் செய்த காரியம் என்னைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார வைத்தது. வாத்தியத்தின் வாய்ப்பகுதியில் பொருத்துகின்ற மெல்லிய நாணற் கீற்றைச் சிறு பெட்டியொன்றிலிருந்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, நுனியில் பிசிறில்லை என்று உறுதி செய்துகொண்ட பின் உதடுகளுக்கிடையில் வைத்து ஊறவிட்டார். மற்றவர்கள் கிற்றாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று நிமிடங்களும் அவர் வாய் திறக்கவில்லை. ஏதேனும் கேட்டவர்களுக்குத் தலையசைப்பாலேயே மறுமொழி சொன்னார். எங்கள் ஊர்க் கோயில் வீதியில், நாதஸ்வர வித்துவான் சீவாளியை வாயில் வைத்து நனைத்தபடி, தவில்காரர் வார் இழுத்து முடிக்கும்வரை காத்திருப்பதை எத்தனையோ திருவிழாக்களில் வாய்பார்த்து நின்றவன் நான். சீவாளிக்கு இரட்டை நாக்கு, சாக்சபோனுக்கு ஒற்றை நாக்கு. மற்றப்படி இரண்டும் நாணலில் பிறந்தவை, இரண்டும் காய்ந்திருந்தால் பேசாதவை. பாங்கொக்கின் இரவுகளைப் பற்றி ஊரில் கேள்விப்பட்ட கதைகளைச் சுமந்துகொண்டு கூச்சத்துடன் உள்ளே நுழைந்த எனக்கு, அதைக் கண்டதும் தோள்கள் இளகின.

நான் தாய்லாந்துக்குப் போனது இசை கேட்பதற்காக அல்ல. குளங்களின் நீர் முகாமைத்துவம் தொடர்பான இரண்டு கிழமைப் பயிற்சிக்காக, பாங்கொக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், பதும்தானி மாகாணத்திலுள்ள ஆசியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் தங்கியிருந்தேன். பகலில் எங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைப் பற்றியும் வாய்க்கால்களைப் பற்றியும் பேசிவிட்டு, பின்னேரங்களில் நகரத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த நிறுவகத்தைத் தொட்டுச் செல்லும் பகொன்யோத்தின் நெடுஞ்சாலை வடக்கே மியன்மார் எல்லையிலுள்ள மேசாய் வரை நீள்கிறது. அது தொடங்கும் இடம் பாங்கொக்கின் வெற்றிச் சின்னச் சுற்றுவட்டம். ஏ9 வீதியோரத்தில் வளர்ந்தவனுக்கு, நாட்டை நெடுக்காக ஊடறுக்கும் ஒரு வீதியின் தன்மையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1940–41 இல் பிரெஞ்சுப் படைகளுடன் நடந்த போரின் நினைவாக எழுப்பப்பட்ட அந்தத் தூண், துப்பாக்கி முனைக் கத்திகள் ஐந்தைச் சேர்த்து நிமிர்த்தியது போல நிற்கிறது. கிளிநொச்சி நகர மத்தியிலும் ஒரு வெற்றிச் சின்னம் உண்டு; அதைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்ளும் பழக்கம் அங்கும் என்னை விடவில்லை. அப்படிக் குனிந்த தலையோடு வீதியைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பியபோதுதான் மேற்சொன்ன இடத்தின் கதவு திறந்து, தாளம் வெளியே வந்தது.

சாக்சபோன் என்ற பெயரிலேயே அந்த இடம் 1987 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பலகைத் தளமும் மரத்தூண்களுமாக, மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் மேடை காலடியில் தெரியும்படி கட்டப்பட்டிருக்கிறது. ஓர் இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் வாசிக்கின்றன. ஜாஸ், புளூஸ், ரெகே, ஸ்கா என்று நேரம் செல்லச் செல்ல வேகம் கூடுகிறது. நான் போன இரவுகளில் நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஒரு தேசிக்காய்ச் சோடாவை வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருந்த என்னை யாரும் முகஞ்சுளித்துப் பார்க்கவுமில்லை.

ஆயினும் என் மனத்தில் ஆழப் பதிந்த இடம் அதுவன்று. பழைய நகரத்தை ஒட்டிய சாம்சென் சாலையில், பத்துப் பதினைந்து பேர் இருந்தாலே நிறைந்துவிடுகின்ற ஒரு சிறிய புளூஸ் கடை. மேடை என்று தனியாக எதுவும் இல்லை; தாளக்காரரின் முழங்கையில் இடிக்காமல் கழிப்பறைக்குப் போகவே முடியாது. புளூஸ் இசையில் நாலு அட்சரம் கொண்ட கட்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று. பாடகர் இரண்டு சுற்றுப் பாடி விலகியதும், வாத்தியக்காரர் ஒவ்வொருவராகச் சில சுற்றுகளை எடுத்துக்கொண்டு, தமக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டு, கண்ணாலேயே அடுத்தவரிடம் கையளிக்கின்றனர். இரண்டு தவில்கள் மாறி மாறிக் கோர்வை வாசிக்கும் சமாவைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதைப் பின்தொடர்வதில் சிரமம் ஏதுமில்லை.

நான் அங்கே முதல் முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. இருபது வயது மதிக்கத்தக்க பொடியன் ஒருவன் ஊதுகுழல் வாசித்தான். தன் முறை வந்தபோது நன்றாகத்தான் தொடங்கினான். ஆனால் கணக்குத் தவறி, பதினோராவது கட்டிலேயே முடிப்பை வாசித்துவிட்டு, முகம் வெளிறி நின்றான். பேஸ் கிற்றார் வாசித்த முதியவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சியிருந்த கட்டைத் தன் நாலு சுரங்களால் நிரப்பிக் கொடுத்தார். சுற்று முறையாக முடிந்தது. கேட்டிருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நடந்தது தெரிந்தேயிராது. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வேண்டுமென்றே மறுபடி போனேன். அதே குழு, அதே மூலை, அதே பொடியன், அதே பாட்டு. இம்முறை பதினோராவது கட்டில் அவன் மூச்சை அடக்கிச் சும்மா நின்றான். பன்னிரண்டாவதில் மட்டும் மூன்றே சுரங்களை வைத்து இறங்கினான். முதியவர் அப்போதுதான் முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டுதான் நான் ஊர் திரும்பினேன். ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள அந்தப் பொடியனுக்கு ஒரே கிழமை போதுமானதாக இருந்தது. காரணம், அடுத்த செவ்வாய்க்கிழமையும் அந்த மூலை அவனுக்காகக் காத்திருந்தது.

இந்த வசதி பாங்கொக்குக்கு எப்படி வாய்த்தது என்று பயிற்சிக்கு வந்திருந்த தாய்லாந்து நண்பரிடம் கேட்டேன். பின்னர் நானும் தேடி வாசித்தேன். பல வழிகளால் வந்து சேர்ந்த நீர் அது. ஆற்றங்கரையிலுள்ள ஓரியென்ரல் விடுதியின் பம்பூ பார் 1953 இலேயே தொடங்கிவிட்டது. 2016 ஒக்டோபரில் காலமான மன்னர் பூமிபோல் தாமே சாக்சபோன் வாசிப்பவர். 1946 இலிருந்து பாட்டுகளை இயற்றியவர். அரண்மனையிலேயே ஒரு வானொலி நிலையத்தை அமைத்து நண்பர்களோடு வாசித்து ஒலிபரப்பியவர். 1960 இல் நியூயோர்க்கில் பெனி குட்மன் என்ற புகழ்பெற்ற கிளாரினெட் கலைஞருடன் சேர்ந்து வாசித்தவர். அரசனே ஊதுகின்ற வாத்தியத்தைத் தன் மகன் ஊதுவதை எந்தத் தந்தை தடுப்பார்?

ஆனால் கூடிய நீர் வந்த வாய்க்கால் வேறு. வியட்நாம் போர்க்காலத்தில் உடோன்தானி, கோராட், ஊதபாவ் முதலிய இடங்களில் அமெரிக்க விமானப்படையினர் நிலைகொண்டிருந்தனர். போர்முனையிலிருந்து ஓய்வுக்கென அனுப்பப்பட்ட சிப்பாய்கள் பாங்கொக்கில் வந்து இறங்கினர். அவர்களுக்காகப் புதிய பெட்சபுரி சாலையில் மதுச்சாலைகள் வரிசையாக முளைத்தன. அவர்கள் கேட்ட பாட்டுகளை வாசிப்பதற்காக உள்ளூர் இளைஞர்களும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்களும் மின்கிற்றார் பழகினர். அதே சாலைகளில் பெண்களின் உடலும் விலைக்குப் போனது. பட்பொங், சோய் கவ்பாய் போன்ற தெருக்களில் அது இன்றும் தொடர்கிறது. அத்தெருவொன்றைக் குறுக்கே கடந்து வந்த அன்று, வாசலில் இலக்கம் குத்திய உடுப்போடு நின்ற பெண்பிள்ளைகளைக் கண்டதன் பின், இரவு முழுவதும் எனக்கு நித்திரை வரவில்லை. வேறொரு நாட்டில் குண்டு போட்டுவிட்டு வந்தவர்களின் களைப்பை ஆற்றுவதற்காக வளர்ந்த சங்கீதம் அது என்பதை வன்னியில் பிறந்த ஒருவனால் இலகுவாகத் தள்ளிவிட முடியாது. இதைச் சொல்லாமல் பாங்கொக்கின் இசையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்த நண்பர் கொன்கேன் பகுதியைச் சேர்ந்தவர். தாய்லாந்தின் வடகிழக்கான இசான், மழையை நம்பி நெல் விதைக்கும் வரண்ட பூமி. அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் பாங்கொக்கில் கட்டட வேலைக்கும் டாக்சி ஓட்டுவதற்கும் வருகின்றனர். என்னை விட இளையவரான அவர் என்னை எப்போதும் 'பீ' என்றே கூப்பிட்டார். அவர்களுடைய மொழியில் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அதுவே சொல். கடைசிச் சனிக்கிழமை, வெளிநாட்டுக்காரர் அதிகம் போகாத ஓர் இசான் இசைக்கூடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். பெரிய களஞ்சியம் போன்ற மண்டபம்; நீளமான மேசைகள்; பப்பாசிக்காய்ச் சம்பலும் ஒட்டரிசிச் சோறும். மேடையில் மூங்கிற் குழல்களை அடுக்கிச் செய்த 'கேன்' என்ற வாத்தியம், 'பின்' என்ற நீள்கழுத்து நரம்பு வாத்தியம், அவற்றோடு மின்கிற்றாரும் முழுத் தாளக்கட்டும். 'மோலம்' என்பது அவர்களுடைய நாட்டார் பாட்டு. முற்காலத்தில் வயற்கரையில் விடியவிடியப் பாடப்பட்டது. வாசலில் விற்கப்படும் மாலைகளை வாங்கி, அதில் காசுத்தாள்களைச் செருகி, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மேடையோரம் சென்று பாடகியின் கழுத்தில் போடுகின்றனர். அவர் பாட்டை நிறுத்தாமலே குனிந்து ஏற்றுக்கொள்கிறார். எங்கள் ஊர்க் கூத்தில் மனங்குளிர்ந்தவர்கள் மேடையேறி நடிகரின் உடுப்பில் காசுத்தாளை ஊசியால் குத்திவிடுவதும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் தாளத்தை விடாமலே காசு குத்தியவரின் பெயரைச் சொல்வதும் எனக்கு நினைவுக்கு வந்தன. சீமெந்துத் தூசி இன்னும் தலைமயிரில் ஒட்டியிருந்த ஒருவர் எங்கள் மேசையின் மறுமுனையிலிருந்து, ஒவ்வொரு வரியையும் தானும் சேர்ந்து பாடினார். இரண்டாவது பாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதைப் பற்றிய பாட்டு என்று நண்பரிடம் கேட்டேன். "ஊரில் மழை பெய்துவிட்டதாம்" என்றார்.

வன்னிக்கு இரவு வாழ்க்கை இருந்ததில்லை என்று நினைப்பவர்கள் எங்களை அறியாதவர்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முதல், முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் நாட்களில், அந்தப் பகுதியில் யார் நித்திரை கொண்டார்கள்? கோவலன் கூத்து இரவு தொடங்கினால் விடிவெள்ளி காலிக்கும்போதுதான் மங்களம். பாயை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்திவிட்டு, தாய்மார் வெற்றிலைத் தட்டத்தோடு முன்வரிசையில் இருந்து, எந்த இடத்தில் பாட்டுத் தவறுகிறது என்பதை அண்ணாவியாருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவர்.

போர் அந்த இரவுகளைத் தின்றது. தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் மருந்து போல அளந்து எடுக்க வேண்டியது. விமானத்தின் சத்தம் கேட்டால் இருந்த ஒரு விளக்கையும் ஊதி அணைத்தோம். அப்படியான இரவுகளில் அப்பா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை இழுத்துக் கசற் றெக்கோடரில் பொருத்துவார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை சீராக ஓடினால் பாட்டும் சீராக ஓடும். கை தளர்ந்தால் பாடகரின் குரல் தடித்து, இழுபட்டு, கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கும். பதறிப்போய் வேகமாகச் சுற்றினால் கிளிபோலக் கீச்சிடும். ஒரே வேகத்தில் கையை வைத்திருக்க நான் கற்றுக்கொண்டது அங்கேதான். பிற்காலத்தில் இசைக்குழுவில் தாளக்காரனாகச் சேர்ந்தபோது, காலப்பிரமாணம் நன்றாக நிற்கிறதென்று எல்லோரும் சொன்னார்கள். யாரிடம் பழகினாய் என்று கேட்டபோது அப்பாவின் சைக்கிளைச் சொன்னேன்.

எங்கள் இசைக்குழுவின் நிலைமையைச் சொன்னால்தான் சாம்சென் சாலையை நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதினேன் என்பது விளங்கும். பங்குனியில் தொடங்கும் கோயில் திருவிழாக்கள் ஆவணியோடு அடங்கிவிடும். அதன் பின் மாரி. அந்த ஆறு மாதத்துக்குள் எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு மேடைகள் கிடைத்தால் அது நல்ல ஆண்டு. மற்ற மாதங்களில் கீபோர்ட் வாசிப்பவர் ஓட்டோ ஓட்டுகிறார். பாடகி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார். லீட் கிற்றார்காரர் மேசன் வேலை செய்வதால் திருவிழாத் தொடங்கும்போது அவர் விரல்கள் தடித்துப்போயிருக்கும். ஒவ்வொரு மேடையும் வேறு ஊரில், வேறு ஒலிபெருக்கிக்காரரோடு, முன்பின் காணாத மக்களுக்கு முன்னால். அங்கே பிழை விட முடியாது. விட்டால் அடுத்த ஆண்டு அந்தக் கோயில் எங்களைக் கூப்பிடாது. எனவே சினிமாப் பாட்டை இசைத்தட்டில் உள்ளபடியே வாசிக்கிறோம். எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு கைதட்டு. பதினேழு ஆண்டுகளாக வாசிக்கும் எங்கள் குழுவிடம் சொந்தமாக ஒரு பாட்டுக்கூட இல்லை. திறமையில்லாமல் அல்ல. பிழை விட்டுப் பழக ஒரு மூலை எங்களுக்கு இருந்ததில்லை.

பாங்கொக்கில் அந்த மூலைக்குக் கூலி கொடுப்பது மது. வாசிப்பவருக்குரிய சம்பளம் விற்கப்படும் பியரிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் எத்தனை மணிவரை மூடாமல் இருக்கலாம் என்பது அங்கே அரசாங்க மட்டத்தில் விவாதிக்கப்படுகிறது. 2023 டிசம்பரில் பாங்கொக் உட்பட சில பகுதிகளில் விடிகாலை 4 மணிவரை திறந்திருக்க அனுமதி கொடுத்தனர். அந்த வழி எங்களுக்கு வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. தவறணை மூடும் நேரத்தில் வீட்டுப் படலைத் திறந்து வைத்துக்கொண்டு பயத்தோடு காத்திருக்கும் பெண்களை நான் அறிவேன். கிளிநொச்சியில் மதுபானசாலைகள் பெருகியபோது அவற்றுக்கு எதிராக மக்கள் வீதியில் இறங்கியதையும் அனைவரும் அறிவோம். இழந்தவர்கள் நிறைந்த ஊரில் குடியை வளர்த்துக் கலையை வளர்க்க முடியாது. ஆனால் இசான் கூடத்தில் நான் கண்டது இன்னொன்று: பாதிப்பேர் வந்தது சோற்றுக்கும் சம்பலுக்கும். ஏ9 வீதியில் இரவு முழுவதும் விழித்திருக்கும் இடம் ஒன்று எங்களுக்கும் இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சானும் தேநீரும் வாங்காமல் எந்தப் பஸ் கடந்து போகிறது?

ஊர் திரும்பியதும் வீதியோரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் கதைத்தேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பின்னேரம் 6.30 இலிருந்து 9.30 வரை, கடையின் பின்பக்கக் கொட்டிலில் நாங்கள் வாசிப்போம். வருபவர்கள் தோசையும் கூழும் வாங்கிச் சாப்பிடுவார்கள். அன்றைய கூடுதல் வியாபாரத்தில் ஒரு பங்கு எங்களுக்கு. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்று 2007 இல் உயர் நீதிமன்றம் வகுத்த கட்டுப்பாட்டுக்கும் அது அமைந்தது. பின்சுவரில் இரண்டாவது வாசல் ஒன்றை வெட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மச்சானுக்கு அது விளங்கவில்லை. 2009 புத்தாண்டு பிறந்த நள்ளிரவில் பாங்கொக்கின் சந்திகா விடுதியில் தீப்பற்றியபோது, வெளியேற வழி போதாமல் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த நாள், ஜனவரி 2 ஆம் திகதி, கிளிநொச்சி விழுந்தது. நாங்கள் அப்போது மூட்டை முடிச்சுகளோடு கிழக்கே போய்க்கொண்டிருந்ததால் உலகத்தில் வேறு யார் இறந்தார்கள் என்று அறியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் வாசித்தபோது, வெளியேற வழியில்லாமல் நெரிபடுவது எப்படியென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசலை வெட்டினோம்.

முதற் சனிக்கிழமை வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நால்வர் எங்கள் வீட்டார். இரண்டாவது மாதம் மழை. மூன்றாவது மாதம், முள்ளியவளைப் பக்கமிருந்து தன் பேரனின் மோட்டார் சைக்கிளில் ஓர் அண்ணாவியார் வந்திறங்கினார். மடியில் துணியால் சுற்றிய மத்தளம். ஈரக்காற்றில் தோல் தளர்ந்திருந்ததால் அதைத் தோசைக்கல் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவிட்டார். "இதிலை ஆட இடமில்லைத் தம்பி, இருந்துகொண்டு பாடுறன்" என்றார். கோவலன் கூத்தில் ஒரு விருத்தத்தை எடுத்தார். கீபோர்ட்காரர் அவர் சுருதியைத் தேடி இரண்டு முறை தவறான கட்டையில் கையை வைத்தார். பாட்டுக்கு நடுவில் அது நன்றாகவே கேட்டது. அண்ணாவியார் திரும்பிப் பார்க்கவில்லை. விருத்தத்தின் கடைசி அடியை இன்னொரு முறை, சற்று நீட்டிப் பாடினார்; மூன்றாவது முறை சுருதி சேர்ந்தது. நான் ஒக்டபாட் என்ற என் மின்தாளக் கருவியின் ஒலியைக் குறைத்துவிட்டு, விரலால் மேசையில் தட்டத் தொடங்கினேன்.